இரண்டு ஸ்பூன் என்பது எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலச்சிக்கலைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: “ராத்திரி ரெண்டு ஸ்பூன் குடிச்சிட்டுப் படுங்க, காலையில சரியாயிடும்.” டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருக்கும்போதே பலர் சீட்டை மடித்து வைத்துவிட்டு இந்த வாக்கியத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கும் எங்களுக்கு இதில் ஒவ்வொரு சொல்லுமே கவலை தருகிறது. ஸ்பூன் ஓர் அளவே இல்லை. குடித்தவுடன் படுப்பது சில மருந்துகளில் நுரையீரலுக்கே ஆபத்து. காலைக்குள் வேலை செய்யாத மருந்துகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டிலில் இருப்பது எந்த மருந்து, குடிப்பவர் யார் என்ற கேள்வியே அந்த வாக்கியத்தில் கிடையாது.

ஸ்பூனிலிருந்து தொடங்குகிறோம். டீஸ்பூன் என்றால் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி. என்பது ஏட்டுக் கணக்கு. சமையலறை ஸ்பூன்களை யாரும் அந்தக் கணக்குப்படி செய்வதில்லை. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சிறு ஸ்பூன்களில் ஒன்று 3 மி.லி.கூடப் பிடிக்காது, இன்னொன்று 7 மி.லி.யைத் தாண்டும். சீட்டில் 10 மி.லி. என்று இருக்கிறது, ‘ரெண்டு ஸ்பூன்’ என்று காதில் வாங்கியவர் பெரிய ஸ்பூனால் இரண்டு தடவை ஊற்றுகிறார், 30 மி.லி. உள்ளே போய்விடுகிறது. மூன்று மடங்கு. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2015-இல், வாய்வழி கொடுக்கும் திரவ மருந்துகளை மி.லி. அளவில் மட்டுமே எழுத வேண்டும் என்று வலியுறுத்தியது. குழந்தைகளுக்காகச் சொன்னதுதான், முதியவர்களுக்கும் அது அப்படியே பொருந்தும்.

பாட்டிலோடு வரும் அளவு மூடியிலும் கவனம் வேண்டும். நிறமில்லாத பிளாஸ்டிக்கில், அதே நிறத்தில் மேடாகப் பதிந்த கோடுகள், 2.5, 5, 7.5, 10, 15 என்று பொடி எழுத்துகள். மங்கலான வெளிச்சத்தில் 5-க்கும் 15-க்கும் வித்தியாசம் தெரியாது. தேவையான கோட்டின்மேல் வெளிப்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்தால், வீட்டில் யார் ஊற்றினாலும் தவறாது. மூடியைக் கையில் தூக்கிப் பிடித்து ஊற்றக் கூடாது. கை சாய்ந்தால் அளவும் சாயும். மேஜையில் வைத்து, குனிந்து, கோடு கண்ணுக்கு நேராக வரும்படி பார்த்து ஊற்ற வேண்டும். மருந்து ஓரத்தில் சற்று ஏறி நடுவில் குழிந்து நிற்கும்; அந்தக் குழியின் அடி கோட்டைத் தொட வேண்டும். லாக்டுலோஸ் போன்ற பாகு மருந்துகள் மூடியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குடித்தபின் அதே மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கலக்கி, அதையும் குடித்துவிட்டால்தான் எழுதிய அளவு முழுதாக உள்ளே போகும்.

5 மி.லி.க்குக் கீழான அளவுகளுக்கு மூடி போதாது. ஊசியில்லாத வாய் சிரிஞ்ச்தான் சரி. மருந்தை உறிஞ்சி, நுனியை மேலே பிடித்து, உள்ளே நிற்கும் காற்றுக் குமிழைத் தள்ளிவிட்டு, மறுபடி கோட்டைப் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் கொடுக்கும்போது நுனி தொண்டையை நோக்கி இருக்கக் கூடாது. கன்னத்தின் உட்பக்கம் வைத்து, விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். அழும் குழந்தையின் வாயில் ஒரே வேகத்தில் பீய்ச்சினால் புரையேறும்.

மில்க் ஆஃப் மக்னீசியாவும், அது சேர்ந்த வெள்ளைக் கலவைகளும் கரைசல் அல்ல. தண்ணீரில் மிதக்கும் பொடி. பாட்டில் ஓரிடத்தில் நின்றால் பொடி அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் வாரம் தெளிந்த தண்ணீரும், கடைசி வாரம் கெட்டியான மருந்தும் கிடைக்கும். ‘முதலில் கேட்கவே இல்லை, அப்புறம் திடீரென்று பேதியாகிவிட்டது’ என்ற புகார் வந்தால் நாங்கள் முதலில் விசாரிப்பது குலுக்கினார்களா என்பதைத்தான். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் வெள்ளைப் படிவு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அது கலையும்வரை ஆட்ட வேண்டும்.

இனி, பாட்டிலில் இருப்பது என்ன? மலமிளக்கி என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். உள்ளே வேலை நடக்கும் விதமோ ஒவ்வொன்றுக்கும் வேறு. லாக்டுலோஸ் ஒரு வகைச் சர்க்கரை. சிறுகுடலால் அதை உறிஞ்ச முடியாது. பெருங்குடலுக்குப் போனபின் அங்குள்ள பாக்டீரியா அதை அமிலங்களாக உடைக்கும். அவை தண்ணீரை இழுத்துக் குடலுக்குள் நிறுத்தும், மலம் இளகும். மாக்ரோகோல் பொடியை நாமே தண்ணீரில் கரைக்கிறோம். அது அந்தத் தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொண்டு போய்ச் சேர்க்கிறது. அதனால்தான் பெரியவர்களுக்கான ஒரு பொட்டலத்தை 125 மி.லி. தண்ணீரில் கரைக்கச் சொல்கிறார்கள். ருசி பிடிக்கவில்லை என்று தண்ணீரைப் பாதியாகச் சுருக்கினால் மருந்தின் பாதி வேலையைக் கழித்துவிட்டோம் என்று பொருள். மக்னீசியா உப்பும் தண்ணீரை இழுப்பதுதான், ஆனால் வேகமாக. சோடியம் பிகோசல்பேட்டும் சென்னாவும் குடல் தசையைத் தூண்டுபவை. லிக்விட் பாரஃபின் ஓர் எண்ணெய். மலத்தின்மேல் பூசி வழுக்கிவிடுகிறது.

கடைகளில் கிடைக்கும் பல பாட்டில்களில் இவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்திருக்கும். ஒரே வியாபாரப் பெயரில் ‘பிளஸ்’ என்ற ஒட்டு சேர்ந்தால் உள்ளே இன்னொரு மருந்து கூடியிருக்கலாம். பெயரின் முதல் பாதியை மட்டும் சொல்லி வாங்கினால் டாக்டர் எழுதாத தூண்டும் மருந்தும் சேர்ந்து வீட்டுக்கு வரும். லேபிளில் ‘ஒவ்வொரு 5 மி.லி.யிலும்’ அல்லது ‘ஒவ்வொரு 15 மி.லி.யிலும்’ என்று தொடங்கும் பொடி வரிகளைச் சீட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். கண் தெரியாதவர்கள் கடையிலேயே வாசித்துக் காட்டச் சொல்லலாம். அதைக் கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

‘காலையில் சரியாகிவிடும்’ என்ற கெடுவுக்கு வருவோம். எங்கள் அனுபவத்தில் அதிகத் தொல்லை தருவது இதுதான். மில்க் ஆஃப் மக்னீசியா அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வேலை செய்யும். பிகோசல்பேட்டுக்கு 6 முதல் 12 மணி நேரம். இரவு குடித்தால் காலையில் போகும். லாக்டுலோஸுக்கோ 24 முதல் 48 மணி நேரம் வேண்டும். சிலருக்கு மூன்றாம் நாள்தான் பலன் தெரியும். மாக்ரோகோலும் அப்படித்தான். இது தெரியாதவர் திங்கள் இரவு 15 மி.லி. லாக்டுலோஸ் குடிக்கிறார். செவ்வாய் காலை ஒன்றும் நடக்கவில்லை. உடனே இன்னொரு 15. அன்று இரவு, மருந்து பலவீனமானது என்று முடிவுகட்டி 30. போதாததற்கு வீட்டில் இருக்கும் வேறொரு பேதி மருந்தும் ஒரு வாய். புதன்கிழமை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கிறது. வயிறு முறுக்கிப் பத்துத் தடவை போய், நாக்கு வறண்டு, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. முதியவர் இந்த நிலையில்தான் கழிப்பறையில் விழுகிறார். மருந்து முதல் இரவிலிருந்தே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அளவைக் கூட்ட வேண்டுமானால் இரண்டு மூன்று நாள் பொறுத்து, எழுதிய டாக்டரிடம் கேட்டுக் கூட்ட வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் விட்டுவிடலாம். அடுத்த வேளையில் இரட்டிப்பாக ஊற்றக் கூடாது.

லாக்டுலோஸ் தொடங்கிய முதல் சில நாள் வயிறு உப்பும், வாயு பிரியும். பாக்டீரியா சர்க்கரையை உடைப்பதால் வருவது அது. பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அதற்குப் பயந்து மூன்றாம் நாளே நிறுத்துபவர்கள் பலன் தெரியப்போகும் நேரத்தில் விட்டுவிடுகிறார்கள். மிகவும் தொந்தரவாக இருந்தால் அளவைக் குறைத்துத் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். தண்ணீரிலோ பழச்சாற்றிலோ கலந்தும் குடிக்கலாம். வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருக்க வேண்டாம், பல்லுக்கு நல்லதல்ல.

பொறுக்காமல் திரும்பக் குடிப்பது உயிரையே வாங்கக்கூடிய மருந்தும் உண்டு. சோடியம் பாஸ்பேட் கரைசல் அது. ஒரு வேளைக் குடித்துப் பலன் இல்லை என்று அதே நாளில் மறுபடி குடித்தவர்களுக்கு உடலின் நீரும் உப்பும் நிலைகுலைந்து, சிறுநீரகம் பழுதாகி, சாவுகளும் நேர்ந்தன. 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு மேல் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014 ஜனவரியில் எச்சரித்தது. 55 வயதைத் தாண்டியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் இதை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

குடித்துவிட்டுப் படுப்பது. லிக்விட் பாரஃபின் இருக்கும் பாட்டிலுக்கு இது மிக முக்கியம். தண்ணீர் மூச்சுக் குழாயில் ஒரு துளி போனாலும் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். இந்த எண்ணெய் தொண்டையை உறுத்தாது. அதனால் இருமல் வராமலே நுரையீரலுக்குள் வழிந்து போகும். போனால் அங்கேயே தங்கி, எண்ணெயால் வரும் ஒரு வகை நிமோனியாவாக மாறும். படுத்த நிலையில் வயிற்றிலிருந்து மேலே ஏறி வருவதும் இப்படியே போகும். எனவே நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்க வேண்டும், படுக்கைக்குப் போகும் கடைசி நிமிடத்தில் குடிக்கக் கூடாது. இரவு வேளை என்று சீட்டில் இருந்தால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குடித்துவிடலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவர்கள், அடிக்கடி எதுக்களிப்பவர்கள், கைக்குழந்தைகள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த எண்ணெய் மருந்தே ஆகாது. யாரேனும் எழுதிக் கொடுத்திருந்தாலும் விழுங்கும் சிரமத்தைச் சொல்லி வேறு மருந்து கேட்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்தும் குடிக்கக் கூடாது. பல வாரம் தொடர்ந்தால் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடலில் சேர்வதை இது தடுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் கணக்கு மாறிப்போகும். உள்ளாடையில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

விழுங்கும் சிரமம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் பலருக்கு இது தெரியாது. புரையேறாமல் இருக்கத் தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடிகளில் ஸ்டார்ச் வகை உண்டு. அப்படிக் கெட்டியாக்கிய தண்ணீரில் மாக்ரோகோலைக் கலந்தால் கெட்டித்தன்மை போய் மறுபடி நீர்த்துவிடும். பாதுகாப்பு என்று நினைத்துக் கொடுப்பதே புரையேறக் காரணமாகிவிடும். பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2021-இல் இதற்காகத் தனியே எச்சரிக்கை வெளியிட்டது.

குடிப்பவர் யார் என்பதைப் பொறுத்தும் விதிகள் மாறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மில்க் ஆஃப் மக்னீசியா கூடாது. அதிகப்படியான மக்னீசியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது முடியாதபோது ரத்தத்தில் ஏறி, தூக்கக் கலக்கம், தசைத் தளர்ச்சி, குறைந்த ரத்த அழுத்தம், மந்தமான நாடித்துடிப்பு என்று போகும். நீர் பிரிய மாத்திரையும் டிகாக்சின் என்ற இதய மருந்தும் எடுக்கும் இதய நோயாளிக்குப் பேதியானால் பொட்டாசியம் இறங்கி, டிகாக்சின் விஷமாகத் திரும்பும். இவர்களிடம் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்றும் பொதுப்படையாகச் சொல்லிவிடக் கூடாது; தண்ணீருக்கே டாக்டர் அளவு வைத்திருப்பார். மற்றவர்களுக்குத் தண்ணீர் அவசியம்.

கல்லீரல் நோயாளிகளின் கதை முற்றிலும் வேறு. லாக்டுலோஸை அவர்களுக்கு மலச்சிக்கலுக்காக எழுதுவதில்லை. கல்லீரல் கழிக்க முடியாத அம்மோனியா மூளைக்குப் போய்க் குழப்பத்தை உண்டாக்காமல், குடலிலேயே அதைப் பிடித்து வெளியேற்றுவதற்காக எழுதுகிறார்கள். 30 முதல் 45 மி.லி. வரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளைகூட இருக்கும். ஒரு நாளைக்கு 2 முதல் 3 தடவை இளகிய மலம் போக வேண்டும் என்பதுதான் குறி. ‘மலம் நன்றாகத்தானே போகிறது, எதற்கு இந்த மருந்து’ என்று வீட்டார் நிறுத்திவிட்டால், சில நாளில் நோயாளி பகலில் தூங்குவார், இரவில் விழிப்பார், பேச்சு குழறும். நான்கைந்து தடவைக்கு மேல் தண்ணீராகப் போனாலும் ஆபத்துதான். நீரிழப்பே அதே குழப்பத்தைக் கொண்டுவந்துவிடும். இந்த வீடுகளில் தினமும் எத்தனை தடவை போனது என்று ஒரு தாளில் குறித்து வைப்பது கட்டாயம்.

மார்ஃபின், டிரமடால் போன்ற வலி மருந்து எடுப்பவர்கள் அந்த மருந்து உள்ளவரை மலமிளக்கியையும் விடக் கூடாது. வலி மருந்தால் வரும் மலச்சிக்கல் நாளாக நாளாகப் பழகிப் போகாது. குழந்தைகளிடமும் பாதியில் நிறுத்தும் தவறு நடக்கிறது. ஒரு வாரம் ஒழுங்காகப் போனதும் பெற்றோர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பல மாதம் அடக்கி அடக்கி விரிந்துபோன மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்கி, உணர்வு திரும்ப மாதக்கணக்காகும். அதுவரை டாக்டர் சொன்னபடி தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. பல நாள் கட்டி நின்ற மலத்தின் ஓரமாகத் தண்ணீர் மலம் கசிந்து வரும். அதைப் பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்தி, வயிற்றுப்போக்கை அடக்கும் மாத்திரையும் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே கட்டி இன்னும் இறுகும். படுக்கையில் இருக்கும் முதியவருக்குப் பல நாள் மலச்சிக்கலுக்குப் பின் திடீரென்று அடக்க முடியாத கசிவு வந்தால், முதலில் மலக்குடலைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

எந்த மலமிளக்கியும் குடிக்கக் கூடாத நேரமும் உண்டு. கடுமையான வயிற்று வலி, வாந்தி, வயிறு கல்லாக உப்பி வாயுகூடப் பிரியாத நிலை: குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது இன்னொரு வாய் மருந்து குடலைக் கிழித்துவிடக்கூடும். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நடுவயதுக்கு மேல் மலம் போகும் வழக்கமே மாறுவது ஆகியவை இருந்தால், பாட்டிலை மாற்றிப் பார்ப்பதை விட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இன்னொரு பக்கம், தினமும் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாம் இயல்புதான். மலம் முக்காமல், இளகி, உருவத்தோடு போனால் அளவு சரியாக இருக்கிறது. தண்ணீராகப் போனால் கூடிவிட்டது.

மற்ற மருந்துகளோடு இடைவெளி விடுவதையும் மறக்கக் கூடாது. மக்னீசியா சேர்ந்த மலமிளக்கியானது தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் போன்றவற்றைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். சிப்ரோஃப்ளாக்ஸசினை மக்னீசியாவுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம் வேண்டும். பாக்டீரியாவை நம்பி வேலை செய்யும் பிகோசல்பேட், ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் மந்தமாகலாம். அதற்காக அளவைக் கூட்ட வேண்டாம்.

பாட்டிலைத் திறந்த தேதியை லேபிளில் எழுதி வையுங்கள். வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டாம். லாக்டுலோஸ் நாளடைவில் சற்றுப் பழுப்பேறுவது இயல்பு; அதை உறைய விடக் கூடாது.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். மலமிளக்கியைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘ஸ்பூன்’ என்ற சொல்லை விட்டுவிட்டு மி.லி. என்று அச்சிடுங்கள். கூடவே மருந்தின் பொதுப் பெயரையும், அது வேலை செய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி மருந்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்